சோதனைக்கு ஒரு வரி

"நீங்க பாடுறவங்களா?" என்று டாக்டர் கேட்டபோது, "இல்ல டாக்டர், துணி மடிக்கிறேன்" என்றாள் அவள்.

அது பொய்யில்லை. ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துவைத்துக் கொடுக்கும் பெரிய லாண்டரியில் அவளுக்கு வேலை. சூடான உருளைகளுக்கு நடுவே போய் மறுபக்கம் வந்து விழும் படுக்கை விரிப்புகளை இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, நடந்து வந்து சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி சேர்த்து மடிப்பார்கள். காலையிலிருந்து மாலைவரை அதே நடை. கட்டடம் முழுக்க ஆவியும் இரைச்சலும்.

அவள் கழுத்தில் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. கெட்ட கட்டி இல்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. ஆனால் மூச்சுக்குழாயை அழுத்த ஆரம்பித்திருந்தது. எடுத்தாக வேண்டும். குரலுக்கான நரம்பு கட்டியை ஒட்டியே போகிறது, பத்திரமாகத்தான் எடுப்போம், இருந்தாலும் குரல் கொஞ்சம் மாறலாம் என்று சொல்லிவிட்டுத்தான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஆபரேஷனுக்கு அடுத்த மாதக் கடைசியில் தேதி கொடுத்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் வந்து நின்ற பிறகுதான் கூட வந்த அவள் புருஷன் வாயைத் திறந்தான்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"எப்படி?"

"பாடுறவ இல்லேன்னு."

"பாட்டுப் பாடி யாரு எனக்குச் சம்பளம் குடுத்தா? கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"பாடுறவன்னு சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் கவனமா அறுப்பாரில்ல?"

"அப்ப துணி மடிக்கிறவளுக்குக் கவனமில்லாம அறுப்பாரா? நல்ல கதையா இருக்கே."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. பஸ் வந்தது.

அவனைக் காயில்காரன் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பவன். கடை சிறியது. வாசலில் பிரித்துப்போட்ட பம்புகள், உள்ளே கம்பிச் சுருள்கள், வார்னிஷ் வாடை. விசேஷ நாட்களில் கல்யாணக் கச்சேரிக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிப்பான். கேட்ட பாட்டை அப்படியே விரலில் கொண்டுவந்துவிடுவான் என்று பெயர்.

அவளுக்கு மேடை ஆகாது. பாடினால் வேலை செய்துகொண்டேதான் பாடுவாள். அவள் பாடுவது யாரும் எழுதியதுமல்ல. அவளாகவே கட்டியது. விரிப்பை மடிக்கிற நடைக்குப் பொருத்தமாக ஒரு பாட்டு வைத்திருந்தாள். முதல் வரி இப்படி வரும்:

*மடிச்சு வெச்ச துணிக்குள்ள மழை வாசம் போகலையே.*

அதற்குப் பிறகு நீளமாக இரண்டு சரணம். அந்த விரிப்பில் யார் யார் படுத்தார்கள், யார் எழுந்து வீட்டுக்குப் போனார்கள், யார் போகவில்லை என்று போகும். கல்யாணமான புதிதில் அடுப்படி வாசலில் நின்று அதை அரைகுறையாகக் கேட்ட காயில்காரன், "இதை ஒருநாள் நல்லாப் பதிவு பண்ணணும்" என்றான். அன்றிலிருந்து அப்படியே சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது ஒருநாள் என்பதற்கு ஒரு கடைசித் தேதி வந்துவிட்டது.

அவளுடைய தம்பிக்குக் கம்ப்யூட்டர் கடையில் வேலை. எதைக் கேட்டாலும் "இறக்கிடலாம்" என்பான். அதனால் அவன் பெயரே டவுன்லோடு ஆகிவிட்டது. கடைக்கு வந்த பழைய லேப்டாப் ஒன்றைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். கச்சேரிக் குழுவிலிருந்து ஒரு மைக்கும், மைக்கைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் சின்னப் பெட்டியும் இரவல் கிடைத்தன. படுக்கையறைச் சுவரில் மெத்தையை நிமிர்த்திவைத்து, கொடி கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டார்கள்.

"இப்ப என்ன வேணும்?" என்றாள் அவள். "பாடட்டுமா?"

"இரு. எந்த சாஃப்ட்வேர்ல பதிவு பண்றதுன்னு இன்னும் முடிவாகல."

அங்கேதான் தொடங்கியது.

மழைக்காலம். ஈரத்தில் வார்னிஷ் காயாததால் காயில்காரன் சுற்றி முடித்த மோட்டார்களைக் குண்டு பல்பின் அடியில் வரிசையாக வைத்திருந்தான். டவுன்லோடு டீ வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"மாமா, இலவசமா ஒண்ணு இருக்கு. உலகமே அதைத்தான் வெச்சிருக்கு. இறக்கிடலாம். ராத்திரிக்குள்ள அக்கா பாட்டு ரெடி."

"பார்த்தேன் மச்சான், பார்த்தேன். பாடுறது ஒரு நேரம், காதுல விழுறது ஒரு நேரமா இருக்கு. கிணத்துக்குள்ள ஆளை இறக்கிட்டுப் பேசுற மாதிரி."

"அதுக்கு ஒரு செட்டிங் இருக்கு."

"அதுவுமில்லாம, அதுல வெட்டுனா வெட்டுனதுதான். பழையபடி ஒட்ட முடியாதாம். வீடியோவுல ஒருத்தர் சொன்னார்."

"வீடியோவுல சொல்றவருக்கு வேற வேலை என்ன? சரி, அந்தப் பெரிய கம்பெனிது ஒண்ணு இருக்கே, மாசாமாசம் கட்டுறது."

"வாடகைக்காரனா? கட்டுறவரைக்கும்தான் நம்ம பாட்டு நம்மளுது. ஒரு மாசம் விட்டா பூட்டிட்டுப் போயிடுவான். ஏற்கெனவே ஒரு வாடகை போதும்."

"அப்ப அதையே காசில்லாம இறக்கித் தர்றேன். நம்ம பையன் ஒருத்தன் பூட்டை உடைச்சு வெச்சிருக்கான்."

காயில்காரன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "திருட்டுக் கம்பி வாங்கி நான் ஒரு காயில் கட்டினதுண்டா? உன் அக்கா பாட்டை அதுல எடுக்கச் சொல்றியா?"

"தப்புதான். வாயைக் கழுவிக்கிறேன். அப்ப எதைத்தான் எடுக்கப்போறீங்க?"

"எல்லாத்தையும் சோதிச்சிட்டு."

இது அவனுடைய தொழில் புத்தி. சோதிக்காமல் எதையும் மூடி முறுக்கமாட்டான். கம்பி சுற்றியதும் ஒரு தடவை, வார்னிஷ் ஊற்றியதும் ஒரு தடவை, காய்ந்ததும் ஒரு தடவை மீட்டரை வைத்துப் பார்ப்பான். மற்ற கடைகளில் கட்டிய மோட்டார் புகைந்துபோய் வரும். இவன் கட்டியது திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயரில்தான் பிழைப்பே ஓடியது.

"ரெண்டு மோட்டார்ல எது நல்லதுன்னு பார்க்கணும்னா ரெண்டுக்கும் ஒரே கரண்டைக் குடுக்கணும் மச்சான். ஆளுக்கொரு கரண்டு குடுத்தா எதை எதோட ஒப்பிடுவே?"

"அக்கா என்ன மோட்டாரா மாமா?"

"வாயிலேயே நல்ல வார்த்தை வராதே உனக்கு."

அப்படித்தான் அவள் தினமும் முதல் வரியைப் பாட ஆரம்பித்தாள்.

வேலை முடிந்து வரும்போது அவள் தலைமுடியில் ஆவியின் ஈரம் இருக்கும். பையை வைத்துவிட்டு அரிசியைக் கழுவி அடுப்பில் ஏற்றுவாள். உள்ளேயிருந்து அவன் கூப்பிடுவான். போர்வைகளுக்கு நடுவே போய் நின்று, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, *மடிச்சு வெச்ச துணிக்குள்ள மழை வாசம் போகலையே* என்று பாடுவாள்.

"போதுமா? அரிசி குழைஞ்சிடும்."

"ஒரு தடவை. சத்தம் கூடி லெவல் சிவப்புக்குப் போயிடுச்சு."

மறுபடி பாடுவாள். பிறகு போய் முட்டை பொரிப்பாள். அவன் நேற்றைய வரியையும் இன்றைய வரியையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருப்பான். சாப்பாடு ஆறிப்போகும்.

சாஃப்ட்வேர்களுக்கு வீட்டில் பட்டப்பெயர் வந்துவிட்டது. இலவசம், வாடகைக்காரன். இடையிடையே ஒரு சத்தம் போட்டு, வாங்கினால்தான் இதை நிறுத்துவேன் என்று சொன்ன ஒன்றுக்குப் பெயர் கூவி. எல்லா வேலையும் செய்யவிட்டு, சேமிக்க மட்டும் விடாத ஒன்றுக்குக் கஞ்சன். கடைசியாக ஒன்றைக் கண்டுபிடித்தான். சல்லிசான விலை, ஒரே தடவை கட்டினால் போதும். அதுவரை முழுதாக வேலை செய்துகொண்டு, திறக்கும்போதெல்லாம் பணம் கட்டச் சொல்லி மரியாதையாக ஞாபகப்படுத்தியது. அவள் அதற்குப் பொறுமைசாலி என்று பெயர் வைத்தாள்.

"இதையே வாங்கிடுங்களேன். இது நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி இருக்கு."

"மெனு மெனுவாப் போயிட்டே இருக்கு. கொஞ்சம் கத்துக்கிட்டு வாங்குறேன்."

ஒருநாள் சாயங்காலம் மழை விட்டு, மேலே தகரக் கூரையில் சத்தமில்லாமல் இருந்தது. அவள் முதல் வரியைப் பாடினாள். அன்று குரல் தானாகவே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள். விரிப்பின் முனையைப் பிடித்திருப்பதுபோல இரண்டு கைகளும் மெல்ல உயர்ந்தன. காயில்காரன் கையைக் காட்டினான்.

"நிறுத்து, நிறுத்து. சோதனைக்கு அது போதும். தொண்டையை வீணாக்காதே. நிஜமா எடுக்கிறப்போ வேணும்."

அவள் கண்ணைத் திறந்தாள். கைகளை இறக்கினாள்.

"சரி" என்றாள்.

டவுன்லோடு அன்று வீட்டில்தான் இருந்தான். "மாமா, இருக்கிறதுல பாடவிடுங்க. எதுல எடுத்தா என்ன? அட, போன்லயாவது ஒருதடவை முழுசா எடுத்து வைங்க."

"போன்லயா? அது பாட்டா இருக்காது, கொசு அழுத மாதிரி இருக்கும். ஒரே தடவைதான் மச்சான் எடுக்கப்போறோம். அதை ஒழுங்கா எடுக்க வேணாமா?"

"ஒழுங்கா எடுங்க. ஆனா எடுங்க."

"அவரை விடுடா" என்றாள் அவள் அடுப்படியிலிருந்து. "அவரு எனக்காகத்தானே மண்டையைப் போட்டு உடைச்சுக்கிறாரு."

அது உண்மை. கடையில் கம்பி சுற்றும்போதும் காதில் ஏதோ ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. எது உசத்தி, எது மட்டம் என்று முகம் தெரியாதவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பாடப்போவதற்குத் தாளம் ஒன்று செய்து வைத்தான், விரிப்பு மடிக்கிற நடைக்கே. அவளை வாயால் எண்ணச் சொல்லி, பாட்டு எவ்வளவு நீளம் போகும் என்று கேட்டு, அந்த நீளத்துக்குத் தாளத்தைப் போட்டு முடித்தான். அதில் அவள் குரல் மட்டும்தான் பாக்கி.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது ஒரு மத்தியானம். யாரோ ஒரு நோயாளி தேதியை மாற்றிக்கொண்டதால் இடம் காலியாகிவிட்டது, நாளைக் காலையிலேயே வந்து சேர்ந்துவிடுங்கள், இதை விட்டால் எப்போது கிடைக்குமென்று சொல்ல முடியாது என்றார்கள். கொஞ்ச நாட்களாகவே அவளுக்குப் படுத்தால் மூச்சு இழுத்தது. வேண்டாமென்று எப்படிச் சொல்வது?

காயில்காரன் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து பொறுமைசாலியை வாங்கினான். பணம் கட்டியதும் நன்றி என்று எழுதிக் காட்டியது. அவள் லாண்டரியில் இருந்தாள். லீவுக்கு முன்னால் மிச்ச வேலையை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இருட்டிய பிறகு வந்தபோது ஆவியில் தொண்டை கட்டி, பேச்சே கரகரத்தது.

"காலையில பாடுறேங்க. தூங்கி எழுந்தா சரியாயிடும்."

காலையில் சரியாகத்தான் இருந்தது. அவள் குளித்து, பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, ஈரத் தலையோடு போர்வைகளுக்குள் போய் நின்றாள். தாளம் ஓடியது. *மடிச்சு வெச்ச துணிக்குள்ள மழை வாசம் போகலையே.*

"ஒரு நிமிஷம். தாளம் ரொம்ப மேல நிக்குது. குறைச்சுக்கிறேன்."

மறுபடி முதல் வரி. இந்த முறை புதிய சாஃப்ட்வேரில் எந்தப் பெட்டியைத் தொட்டானோ, ஹெட்போனில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவன் மெனுவுக்குள் தேடிக்கொண்டிருந்தான். வெளியே டாக்ஸியின் ஹாரன் கேட்டது. டவுன்லோடு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அக்கா, வண்டி நிக்குது. லேட்டானா இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"அஞ்சு நிமிஷம் மச்சான்."

அவள் ஹெட்போனைக் கழற்றி அவன் தலையில் மாட்டிவிட்டாள். "எங்க போகப்போகுது பாட்டு? வந்து பாடிக்கலாம். நீங்க சட்டையை மாத்துங்க."

கட்டியை நல்லபடியாக எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. மூச்சு சீராக வந்தது. குரல்தான், டாக்டர் சொன்னபடி மாறியது. காற்றுதான் பாதி, மீதி கரகரப்பு. நரம்பு அறுபடவில்லை, ஆனால் நசுங்கியிருக்கலாம், பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும் என்றார்கள். பாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவள்தான் துணி மடிக்கிறவள் என்று சொல்லியிருந்தாளே.

கொஞ்ச நாளில் அவள் வேலைக்குத் திரும்பினாள். அங்கே பேசவே தேவையில்லை, இரைச்சலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. முன்போலவே சமைத்தாள், முன்போலவே கேலி செய்தாள். கூப்பிட மட்டும் தட்டில் கரண்டியால் தட்டினாள்.

அவளோடு விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள் ஒரு நெட்டைப் பெண். லாண்டரியில் அவளுக்குப் பெயரே நெட்டைதான். உடம்பு விசாரிக்க வந்த அவளைக் காயில்காரன் வாசலில் மடக்கினான்.

"நீங்க கூடவே வேலை செஞ்சவங்க. அந்த மடிப்புப் பாட்டு முழுசும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே? சரணம் எப்படிப் போகும்?"

நெட்டை யோசித்தாள். "அந்த மிஷின் சத்தத்துல என்னத்தைக் கேட்டேன் அண்ணே? அவ வாயசைக்கிறதைப் பார்த்துத்தான் நான் கால் எடுத்து வைப்பேன். முதல் வரி தெரியும். இப்பக் கொஞ்ச காலமா வழியெல்லாம் அதையேதானே முணுமுணுத்துக்கிட்டு வந்தா." பிறகு கேட்டாள், "ஏன், நீங்கதான் பதிவு பண்றீங்கன்னு சொன்னாளே?"

காயில்காரன் வழிவிட்டு நகர்ந்துகொண்டான்.

ஒரு விடுமுறைநாள் காலை. மழைக்காலம் முடிந்து வெயில் வந்திருந்தது. டவுன்லோடு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தான். வாடகைக்காரன் காலாவதியாகிப் பூட்டிக்கொண்டிருந்தான். கஞ்சனில் எதுவும் சேமிக்கப்படவில்லை. மிச்சத்தில் கிடைத்ததையெல்லாம் எடுத்துப் பொறுமைசாலிக்குள் வரிசையாக அடுக்கினான். திரையில் பட்டை பட்டையாக நின்றன, எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம்.

"போடட்டுமா மாமா?"

"போடு."

*மடிச்சு வெச்ச துணிக்குள்ள மழை வாசம் போகலையே.* போதுமா? அரிசி குழைஞ்சிடும். *மடிச்சு வெச்ச துணிக்குள்ள மழை வாசம் போகலையே.* இதுல நல்லாயிருக்கா? பக்கத்து வீட்டுல குக்கர் போட்டுட்டாங்க, கேக்குது. *மடிச்சு வெச்ச துணிக்குள்ள.* கூவி கூவியது. *மழை வாசம் போகலையே.* அடுத்தது. அதற்கடுத்தது.

ஒன்றில் மட்டும் வரி முடிந்த பிறகும் குரல் போனது. இரண்டு சொல். அவ்வளவுதான். நிறுத்து, நிறுத்து என்று காயில்காரனின் குரல் மேலே வந்து விழுந்தது.

டவுன்லோடு அதை மறுபடி போடவில்லை. "டீ வாங்கிட்டு வர்றேன்" என்று எழுந்து போனான்.

அவள் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் பாடியிருக்கேன்" என்றாள், காற்றுக் குரலில்.

காயில்காரன் கீபோர்டை மடியில் எடுத்தான். "நீ பாட வேணாம். நான் ஒவ்வொரு கட்டையா அமுக்குறேன். சரியா இருந்தா தலையாட்டு. கேட்டதை வாசிக்க எனக்குத் தெரியும், முழுசாக் கேக்காததை எப்படி வாசிக்கிறது? நீதான் சொல்லணும். சரணம் மேல ஏறுமா, கீழ இறங்குமா?"

அவள் யோசித்தாள். கையை மேலே காட்டினாள். அவன் ஒரு கட்டையை அழுத்தினான். அவள் தலையசைத்தாள், இல்லை. இன்னொன்று. இல்லை. அடுத்ததற்குத் தயங்கினாள். "இருக்கலாம்" என்றாள். பிறகு, "இல்லைன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

"அந்த ஒரு வரியையே பாடிப் பாடி" என்றாள், மூச்சு வாங்கி நிறுத்தி, "அதுக்கு அப்புறம் போற வழி மங்கிப்போச்சுங்க."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அவன் கீபோர்டைக் கீழே வைத்தான்.

"நான் ஒரு மடையன்."

"இல்ல. காயில்காரன்." அவன் கைமேல் தட்டினாள். "அந்தத் தாளத்தைப் போடுங்க. நீளமா ஒண்ணு செஞ்சீங்களே."

போட்டான். தாளம் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் எடுத்த முதல் வரி அதன்மேல் வந்தது, ஈரத் தலையோடு அவள் நின்று பாடியது. அது முடிந்ததும் திரையில் குரலுக்கான பட்டை வெறும் கோடானது. தாளம் மட்டும் நடந்தது. விரிப்பை உதறுகிற நடை, சேர்கிற நடை, விலகுகிற நடை.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் மடியில் தாளம் போட்டன. உதடுகள் அசைந்தன. காயில்காரன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல் மழை மாதிரி இருந்தது. கட்டில் என்றோ தொட்டில் என்றோ இன்னொன்று. அடுத்ததைப் பிடிப்பதற்குள் அது போய்விட்டது.

பிறகு ஓரிடத்தில் உதடுகள் நின்றன. விரல் மட்டும் கொஞ்ச நேரம் போட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

திரையில் கோடு இன்னும் வெகுதூரம் போக வேண்டியிருந்தது.

"நிறுத்தட்டுமா?" என்றான்.

"வேணாம்" என்றாள். "முழுசா ஓடட்டும்."